கருப்பனா, மனுசனா?

படிப்பவர் பக்கம் – 11

சென்ற வாரம் வடுவூர் துரைசாமி ஐயங்காரைப் பார்த்தோம். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், நூறு வருடத்துக்கு முன்பே துப்பறியும் நாவல் எழுதி, காவிரிக்கரை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கை நள்ளிரவு வரை எரியவிட்டவர். மர்மக் கதைக்கு டெல்டாவில் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. பின்னாளில் பட்டுக்கோட்டை பிரபாகர் வந்தார். இருந்தாலும் "படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போகவே பயந்தது யாருடைய கதைக்கு?" என்று காரைக்காலில் கேட்டால் டெல்டாக்காரர் பெயர் வருவதில்லை. சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவரின் பெயர்தான் வருகிறது: இந்திரா சௌந்தர்ராஜன்.

1958 நவம்பர் 13 அவர் பிறந்த நாள். 2024 நவம்பர் 10 அன்று, 66 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, மதுரையில் காலமானார். குடும்பக் கதை, ஆன்மிகக் கட்டுரை, மேடைச் சொற்பொழிவு என்று பலதும் செய்தவர். அதையெல்லாம் தாண்டி வாசகர் மனதில் ஒட்டிக்கொண்டது அமானுஷ்யம்தான். சித்தர், சாபம், பூட்டிய கோயில், ராத்திரியில் கேட்கும் குளம்புச் சத்தம்.

அவர் மறைந்த பிறகு காரைக்காலில் நான் பேசிய வாசகர்களின் கருத்துகள்தான் இந்த வாரம். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். பேய்க்கதை படிப்பதை ஊரறிய ஒப்புக்கொள்ள நம்மில் பலருக்கு இன்னும் கூச்சம்.

முதலில் டி.வி.யில் தொடங்க வேண்டும். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்க, தொண்ணூறுகளின் பின்பாதியில் சன் டி.வி.யில் வந்தது 'மர்மதேசம்'. முதலில் 'ரகசியம்': சித்தர் செய்துவைத்த நவபாஷாண லிங்கம், இருட்டிய பிறகு உள்ளே இருந்தால் உயிர் தங்காத பைரவர் கோயில். அடுத்து 'விடாது கருப்பு': தப்புப் பண்ணினவனை வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கிற கருப்பசாமி, அந்த ஊருக்கு வந்து சேரும் வெளியூர்ப் படிப்பாளிகள், நடுவில் மனம் இரண்டாகப் பிளவுபடும் நோய் பற்றிய பேச்சு. 'விட்டுவிடு கருப்பா' என்ற அவருடைய நாவலே இதற்கு அடிப்படை.

வாரத்துக்கு ஒரு பகுதிதான் வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் மிச்ச ஆறு நாளும் ஒரே கேள்வியை வைத்து மல்லுக்கு நின்றார்கள்: குதிரையில் வருவது கருப்பனா, மனுசனா?

"அந்தக் கேள்வியே ஊரை ரெண்டாப் பிரிச்சிடுச்சு சார்" என்கிறார் திருநள்ளாறு தடத்தில் ஆட்டோ ஓட்டும் வாசகர். "எங்க மாமா கடைசி வரைக்கும் மனுசன்தான்னாரு. அம்மா கருப்பன்தான்னாங்க. முடிவைப் போட்டாங்க பாருங்க, ரெண்டு பேரும் 'நான் சொன்னது சரியாப் போச்சா'ன்னாங்க!"

இந்திரா சௌந்தர்ராஜனின் கைவரிசையை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் சொல்ல முடியாது. அவர் நடந்ததற்கு ஒரு மனிதக் காரணம் கொடுப்பார். அதற்காகச் சாமியை ஊரைவிட்டு அனுப்பிவிட மாட்டார். அறிவியல் பக்கம் நிற்பவனுக்கும் விடை கிடைக்கும், விபூதி பக்கம் நிற்பவனுக்கும் கிடைக்கும். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதே கோட்டில் நடந்த நாவல்தான். ஆனால் அங்கே கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பேயையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். ராஜேஷ்குமாரிடம் போனால் விவேக் கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் காட்டிவிடுவார். இந்திரா சௌந்தர்ராஜனிடம் ஒரு முடிச்சு அவிழாமல் நம் கையோடு வந்துவிடும்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் அவருடைய தொடர்கதை ஒன்றின் பைண்டிங் இருக்கிறது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, தடித்த ஊசியால் தைத்து, அட்டை ஒட்டிய அந்தக் காலத்துப் புத்தகம். கதையின் பின்பக்கத்தில் பாதி ஜோக், கால்வாசி சமையல் குறிப்பு, பட்டுப்புடவை விளம்பரம். தெருவில் ஏழெட்டு வீடு சுற்றி வந்ததில் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதைவிடச் சுவாரசியம், ஓரங்களில் இருக்கும் எழுத்து. ஒரு மரணம் நடக்கும் இடத்தில் பென்சிலில் ஒருவர்: "இது மருந்து வேலை. சாமி இல்லை." அதற்குக் கீழே நீல மசியில் வேறு கை: "நீங்கள் பார்த்தீர்களா?" அதற்கும் கீழே, சின்னப் பிள்ளை கையெழுத்தில்: "யாரும் முடிவை எழுதக் கூடாது!!"

"யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியும். கேட்டுக்கிட்டதில்லை" என்று சிரிக்கிறார் ஆசிரியர். "வகுப்புல ஒரு பய வாயைத் திறக்க மாட்டான். இதுல பாருங்க, ஆளாளுக்கு உரையே எழுதியிருக்கான்."

பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப்பில் தொங்கிய மாத நாவல்களும் இதே வேலையைத்தான் செய்தன. ஜி.அசோகன் நடத்திய பாக்கெட் நாவல் வரிசையில் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் கோலோச்சிய காலம் அது. படித்தவர்கள் கதையைப் பஸ்ஸிலேயே பேசித் தீர்த்தார்கள். அந்த எழுத்தை இலக்கியக்காரர்கள் திரும்பிப் பார்க்கக்கூட மறுத்தார்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத் தொகுப்பாக அதைக் கொண்டுவந்தபோது, அதில் இந்திரா சௌந்தர்ராஜனும் இருந்தார்.

காரைக்கால் வாசகருக்கு இவர் ஏன் பிடித்தார் என்பதற்குக் கிளிஞ்சல்மேட்டு இளைஞர் ஒருவர் சொன்ன காரணம் எனக்கு யோசனையாகவே இருக்கிறது. "எங்களுக்கு மலையே கிடையாதுண்ணே. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வயல். அவரு கதையில மலை, காடு, குகை, சித்தர். படிக்கும்போதே வேற நாடு மாதிரி. அதே கதையைக் கடல்ல வச்சு எழுதியிருந்தா எனக்குப் பயம் வந்திருக்காது. கடல்ல எனக்குத் தெரியாத பயமா?"

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் யாரும் இதை எதிர்த்துப் பேச முடியாது. நேரில் பார்த்த பயத்தைக் கதையில் தேட யாருக்கும் மனம் வராது. சதுரகிரி, கொல்லிமலை என்று பெயரைக் கேட்டாலே டெல்டாக்காரன் நிமிர்ந்து உட்கார அந்தத் தூரமே போதுமானது.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். பாரதியார் சாலை ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண், அவர் எழுதியதில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவர். அவர் நேராகவே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். சாபம் விடறது பொம்பளை, சாமி வந்து ஆடறது பொம்பளை, செத்து ஆவியா வர்றது பொம்பளை. வீட்டுக்கு ஆகாதுன்னு பேர் வாங்கறதும் அவதான். இது கதையில மட்டுமா இருக்கு? படிச்சு முடிச்சதும் பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாக்கற பார்வையும் மாறிடுதே." ஆசிரியரின் வருத்தம் வேறு. பிற்காலக் கதைகளில் சொற்பொழிவு ஏறிக்கொண்டே போய், பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் உபன்யாசம் நடக்கிறது என்கிறார். ஆட்டோக்காரரின் மாமா வழி உறவினர் ஒருவர் பெரியார் பக்கம். அவருக்கு இந்த எழுத்தே மூடநம்பிக்கைக்கு முட்டுக்கொடுப்பது. மூன்று குறையிலும் நியாயம் இருக்கிறது. 'கோட்டைப்புரத்து வீடு' போன்ற கதைகளில், ஆண் வாரிசைக் காவு வாங்கும் சாபம் வம்சத்தைத் துரத்தும்போது, அந்தச் சாபத்துக்குக் காரணமான பழைய அநியாயத்தை அவர் மறைக்காமல் எழுதுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

கணக்கு என்று சொன்னேன். அவருடைய கதைகளின் அச்சாணியே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்'கில் குளிர்கால வேலைக்கு ஒரு ஹோட்டலுக்கு வந்து தங்குகிற குடும்பத்தை அந்தக் கட்டடமே விழுங்கப் பார்க்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை அந்த ஹோட்டலுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அமெரிக்கப் பயம் அப்படி, குற்றமற்றவன் வீட்டுக் கதவையும் தட்டும். இந்திரா சௌந்தர்ராஜனின் கருப்பன் அப்படிக் கண்டபடி கதவைத் தட்டுவதில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன், அடுத்தவன் சொத்தில் கை வைத்தவன், கட்டுப்பாட்டை மீறியவன் என்று பார்த்துத்தான் குதிரையை நிறுத்துவான். படிக்கிறவனுக்கு உடம்பு நடுங்கும், ஆனால் மனசுக்குள் ஒரு நிம்மதி இருக்கும்: நாம் அந்தத் தப்பைச் செய்யவில்லை, செய்தவனை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட்டில் வருஷக்கணக்காக வரப்புத் தகராறு நடத்தும் ஊர்களில் இந்த நிம்மதிக்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளித் திருநள்ளாறு. கால் கழுவும்போது ஓரிடம் நனையாமல் விட்டதற்காக நளனைச் சனி பிடித்து நாடு, மனைவி, மக்கள் எல்லாவற்றையும் இழக்கவைத்த கதையைச் சொல்லித்தான் நளதீர்த்தத்தில் முழுகுகிறார்கள். தவறு சின்னதானாலும் கணக்கில் ஏறிவிடும், கழுவினால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையின் தலைநகரம் அது. கருப்பனைப் புரிந்துகொள்ள திருநள்ளாற்றுப் பக்கத்து வாசகனுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

ஆனால் காரைக்காலிடம் இன்னொரு பயக்கதையும் இருக்கிறது. ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீடுகளிலிருந்து மாம்பழம் வாரி இறைக்கும் மாங்கனித் திருவிழாவை எல்லோரும் அறிவோம். அந்தக் கதையை ஒரு தரம் காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். கடைக்கு வந்த இரண்டு மாம்பழத்தை வீட்டுக்கு அனுப்புகிறான். மத்தியானம் சாப்பாட்டில் ஒன்றைத் தின்கிறான், இன்னொன்று கேட்கிறான். வந்த பழத்தின் ருசி இந்த உலகத்து ருசியாக இல்லை. எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். இறைவனை வேண்டிப் பெற்றது என்று மனைவி உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். பழம் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. அவ்வளவுதான். பயந்து, கப்பல் ஏறி, பாண்டிய நாட்டில் போய் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த பெண்ணுக்கு முதல் மனைவியின் பெயரையே, புனிதவதி என்றே, வைக்கிறான். உறவினர்கள் அவளைக் கொண்டுவந்து விடும்போது குடும்பத்தோடு காலில் விழுகிறான். அவள் அந்த உடம்பே வேண்டாம் என்று உதறி, பேயுருவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

இங்கே யார் தப்புச் செய்தது? சேக்கிழார் அவனைக் கெட்டவனாகக் காட்டவில்லை. கணக்கில் எழுத ஒன்றும் இல்லை. தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவள் யார் என்று ஒரு மனிதனுக்குத் திடீரென்று தெரிந்துவிடுகிறது. அவ்வளவு பெரியதோடு அவனால் குடும்பம் நடத்த முடியவில்லை. தண்டனை என்ற ஆறுதல் இல்லாத பயம் இது.

ஜவுளிக்கடைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சட்டென்று, "அந்த மாதிரி ஒண்ணு அவர் எழுதியிருக்கலாம். நல்லவங்களுக்கு வர்ற பயம்" என்றார். என் கருத்தும் அதுதான். தெய்வத்தின் பக்கத்தில் நிற்பதே பயம் என்பதை அவ்வளவு நன்றாக அறிந்த எழுத்தாளர், தன் வாசகரைக் கடைசியில் எப்போதும் நியாயத்தின் கையில் பத்திரமாக ஒப்படைத்துவிட்டே விடைபெற்றார். அவருடைய வெற்றியும் அதுதான், எல்லையும் அதுதான். முப்பது வருடம் ஒரு கூட்டத்தைத் தூங்கவிடாமல் செய்ததாக நாம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அநியாயம் கேட்பாரில்லாமல் போகாது என்று சொல்லித் தூங்கவைத்தவர் அவர். கருப்பனா மனுசனா என்று சண்டை போட்டவர்கள் இருவருக்கும், வந்தவன் வந்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் சண்டையே இருக்கவில்லை.

(அடுத்த வாரம்: ரமணிசந்திரன் – மத்தியான நேரத்து வாசகிகள்)