புழு மனைக்குக் கதகதப்பு... கரி அடுப்பை வெளியேற்றும் ஹீட் பம்ப்!

கார்த்திகை பிறந்துவிட்டால், தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் வீட்டில் கரி மூட்டை வந்து இறங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம் இது. வெள்ளைக்காரர்கள் தளிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வைத்ததே இந்தக் குளிருக்காகத்தான். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும் நாட்கள் உண்டு. மனிதர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடலாம். புழு என்ன செய்யும்?

முதல் பருவப் புழுவுக்கு 28 டிகிரி வேண்டும். பருவத்துக்கு ஒரு டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியில் நிறுத்த வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் புழு இலை தின்பது குறையும். பருவம் இழுத்துக்கொண்டே போகும். ஒரே தட்டில் சிறிதும் பெரிதுமாகப் புழுக்கள் நிற்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து, புழு வெள்ளையாக விறைத்துப்போகும். இலையும் போச்சு, கூலியும் போச்சு. அதனால்தான் கரி அடுப்பு.

அந்த அடுப்பு தரும் சூட்டோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் வருகிறது. மூடிய மனைக்குள் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. இரவில் இலை போட எழ வேண்டும் என்று மனைக்குள்ளேயே பாய் விரித்துப் படுக்கும் பழக்கம் இந்தப் பக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் ‘பனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே கதவைத் திறந்து, ஆளை வெளியே கொண்டுவந்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரிக்கு மாற்று என்றதும் பலரும் வாங்குவது, கம்பி சிவக்கும் மின் ஹீட்டர். புகை இல்லை என்பது சரி. ஆனால், 2 கிலோவாட் ஹீட்டர் ஓர் இரவில் 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட் மின்சாரம் போய்விடும். இங்கேதான் ‘ஹீட் பம்ப்’ வருகிறது.

பெயர் புதிது, சரக்கு பழையது

ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காய்கறியிலிருந்து எடுத்த வெப்பம்தான் அது. கிணற்றில் இருக்கும் தண்ணீரை மோட்டார் உருவாக்குவதில்லை; கீழே இருப்பதை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஹீட் பம்பும் அப்படித்தான். வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்கு இறைத்துக் கொட்டுகிறது.

குழாய்க்குள் ஓடும் குளிரூட்டி வாயுதான் இதில் வாளி. கையில் ஸ்பிரிட் தடவினால் அது ஆவியாகும்போது சில்லென்று இருக்கும். தோலின் சூட்டை அது எடுத்துக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாகும். அழுத்தினால் காற்று சூடேறும். இந்த இரண்டும்தான் இயந்திரத்துக்குள் மாறி மாறி நடக்கின்றன. வெளியே இருக்கும் காயிலில் வாயு ஆவியாகி, 15 டிகிரி காற்றிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றி உள்ளே அனுப்புகிறது. உள்ளே அந்தச் சூட்டை விட்டுவிட்டு மறுபடியும் வெளியே ஓடுகிறது. கோடையில், ‘நான்கு வழி வால்வு’ என்ற ஓர் உறுப்பு வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடும். அப்போது உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும்.

‘இது ஏ.சி தானே?’ என்றால், ஆமாம். ஏ.சி-யும் ஹீட் பம்ப்தான். ஆனால் பெரும்பாலான ஏ.சி-க்கள் ஒரு திசையில் மட்டுமே இறைக்கும். இரண்டு திசையிலும் இறைக்கும் வகையைக் கடைகளில் ‘ஹாட் அண்ட் கோல்டு ஏ.சி’ என்று கேட்டு வாங்கலாம்.

இறைப்பதற்கு மட்டுமே மின்சாரம் செலவாவதால், 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். நல்ல இன்வெர்ட்டர் இயந்திரமாக இருந்து, வெளியே குளிர் மிதமாக இருந்தால் 4 வரைகூடப் போகும். மின் ஹீட்டர் 16 யூனிட்டில் தரும் வெப்பத்தை இது ஐந்தாறு யூனிட்டில் தந்துவிடும். ஏறக்குறைய 2 கிலோ கரியை முழுவதுமாக எரித்தால் வரும் வெப்பம் அது. உங்கள் ஊர் கரி விலையையும் மின்கட்டணத்தையும் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரியாவின் எபென்சீ ஊர் உப்பு ஆலையில் 1856-லேயே இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். 1938-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றத்துக்கு, பக்கத்தில் ஓடும் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் இறைத்தார்கள். இன்று நார்வேயில் பத்துக்கு ஆறு வீடுகளில் ஹீட் பம்ப் ஓடுகிறது. அங்கே வெளியே பனி உறைந்து கிடக்கும். காயிலில் படியும் பனியை இயந்திரமே அடிக்கடி உருக்கிக்கொள்ள வேண்டும். தேன்கனிக்கோட்டையில் அந்தத் தொல்லையே இல்லை. சொல்லப்போனால், இந்த இயந்திரத்துக்கு நார்வேயைவிட நம் மேட்டுநிலம்தான் தோதான ஊர்.

மனை முழுவதற்கும் வேண்டாம்

1.5 டன் ஏ.சி ஒன்று, பத்தடி உயரக் கூரையுள்ள சுமார் 150 சதுர அடி அறைக்குத்தான் சரியாக இருக்கும். ஆயிரம் சதுர அடி சிமென்ட் அட்டைக் கூரை மனையில் அதை மாட்டினால், சூடு முழுவதும் கூரை வழியாகப் போய்விடும். பணம் தண்டம். இளம்புழு வளர்க்கும் தனி அறைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இளம்புழு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடித்த புழுவை வாங்கி வருபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வந்த புதிதில் புழுக்கள் மனையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். அந்த மூலையை பாலிதீன் ஷீட்டால் தடுத்து, மேலே தாழ்வாகப் பாய் கட்டி, அதற்குள் மட்டும் சூடேற்றினால் போதும். படுக்கை மனை முழுவதும் பரவும் ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியே போதும். அப்போது சூட்டைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். பகலில் வெயில் ஏறியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடலாம்.

ஒரு சங்கடம் உண்டு. காற்று சூடானால் ஈரப்பதம் இறங்கும். இளம்புழுவுக்கு 85 சதவிகித ஈரப்பதம் வேண்டும். இல்லாவிட்டால் இலை சீக்கிரம் வாடிவிடும். ஈரச் சாக்கு கட்டுவதையோ, ஹியூமிடிஃபையர் வைப்பதையோ விட முடியாது. கோடையில் குளிரூட்டும்போதும் இதே கதைதான், ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீர், மனையின் காற்றிலிருந்து பிழிந்த ஈரம்தான். வெப்பமானி, ஈரமானி இரண்டையும் புழுத் தட்டின் உயரத்திலேயே மாட்டுங்கள். கூரை ஓரத்துச் சூட்டை ஏ.சி காட்டும், புழுவுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அது காட்டாது. காற்று நேராகத் தட்டில் அடிக்கவும் கூடாது.

பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்துக் கிருமிநீக்கம் செய்யும் நாட்களில், இண்டோர் யூனிட்டை ஷீட்டால் மூடிவிட வேண்டும். குளோரின் பட்டால் காயில் அரித்துப்போகும். சுண்ணாம்புத் தூளும் கழிவுத் தூசியும் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது கழுவுங்கள்.

இலவச மின்சாரம் வரும் பம்ப்செட் இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுக்கக் கூடாது, மாட்டினால் அபராதம். மனைக்குத் தனி இணைப்பு, சரியான எர்த், ஸ்டெபிலைசர் மூன்றும் வேண்டும். மின்வெட்டு நேரத்தில் வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இதை இழுக்காது.

குளியல் தண்ணீருக்கும் இதே வழி

குடியிருக்கும் வீட்டைச் சூடேற்ற நாற்பதாயிரத்துக்கு மேல் போட்டு இயந்திரம் வாங்குவது நம் ஊருக்குத் தேவையில்லை. இரண்டு மாதக் குளிருக்குக் கம்பளி போதும். ஆனால், வெந்நீர் அப்படியல்ல. 20 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர, கீசர் கிட்டத்தட்ட 3 யூனிட் எடுக்கும். தண்ணீர் சூடேற்றும் ஹீட் பம்ப் 1 யூனிட்டில் முடித்துவிடும். விலை கீசரைப்போலப் பல மடங்கு என்பதால், கூட்டுக் குடும்பத்துக்கும், தினமும் கேன் கழுவ வெந்நீர் தேவைப்படும் பால் பண்ணைக்கும்தான் கட்டுப்படியாகும். பாலை 4 டிகிரிக்குக் குளிரவைக்கும் தொட்டியில், பாலிலிருந்து எடுத்த சூட்டை வீணாக்காமல் தண்ணீருக்குத் திருப்பிவிடும் அமைப்பும் இருக்கிறது. புதிதாகத் தொட்டி வாங்கும் பால் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

புழு மனைக்கு வாங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் தளவாட மானியப் பட்டியலில் இது சேருமா என்று விசாரித்துவிடுவது நல்லது. கடையிலேயே ரிமோட்டில் ‘ஹீட்’ பொத்தானை அழுத்தி, சூடான காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்மட்டும் தரும் ஏ.சி-யை வாங்கிவந்து மாட்டிவிட்டால், அதைச் சூடு தருவதாக மாற்ற எந்த மெக்கானிக்காலும் சுலபத்தில் முடியாது.