மாணவர்களின் ஆங்கிலம்: நம் பிள்ளைகள் தடுமாறும் சில இடங்கள்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் ஜமாஅத்துகளிலும் அறக்கட்டளைகளிலும் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள் குவியும். மதிப்பெண் நன்றாக இருக்கும், குடும்ப நிலையும் உதவிக்குத் தகுதியானதாக இருக்கும். ஆனால் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னால் பிள்ளை திணறிவிடுகிறது. நேர்முகத் தேர்விலும் இதே கதைதான். இதை வைத்துப் பிள்ளைக்கு அறிவில்லை என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலான பிழைகள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்வதால் வருபவை. காரணம் தெரிந்தால் திருத்துவது எளிது.

"மைசெல்ஃப் ஃபாத்திமா" என்று தொடங்கும் பிள்ளைகள் ஏராளம். "நான் ஃபாத்திமா" என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் அது கட்டாயம் வேண்டும். "ஐ ஆம் ஃபாத்திமா" என்றால் போதும்.

அடுத்தது, "ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்." பட்டதாரிகளிடமும் இந்தப் பிழை உண்டு. இதற்கான விடை நம் தமிழிலேயே இருக்கிறது. "இரண்டு வருடமாக" என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்' வரும். "2023லிருந்து" என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்' வரும். கூடவே வினையும் மாறும்: "ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்."

படிப்பை முடித்ததை "பாஸ்டு அவுட்" என்று எழுதுகிறோம். நம் நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது கவனம் தேவை. அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்றே பொருள் கொள்வார்கள். (ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு மட்டும் அந்தச் சொல் பொருந்தும்.) பட்டம் பெற்றதை "கிராஜுவேட்டட்" என்று எழுதுவதே நல்லது.

முன்னாள் மாணவர் ஒருவர் "ஐ ஆம் ஆன் அலும்னை" என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. 'அலும்னை' என்பது பன்மை. ஒருவர் என்றால் 'அலும்னஸ்', பெண் என்றால் 'அலும்னா'. மக்தபில் அரபி படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. ஒரு மாணவர் 'தாலிப்', பலர் 'துல்லாப்' என்று படித்ததை நினைவூட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும்.

'ஏ', 'ஆன்' குழப்பத்துக்கும் மக்தப் பாடம் கைகொடுக்கும். 'அல்கமர்' என்று ஓதும் பிள்ளை 'அல்ஷம்ஸ்' என்று ஓதுவதில்லை, 'அஷ்ஷம்ஸ்' என்றே ஓதுகிறது. அடுத்து வரும் ஒலிக்கேற்ப முன்னால் உள்ளது மாறுகிறது. ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யூ' என்பதால் "ஏ யூனிவர்சிட்டி". 'எம்பிஏ' மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'எ' என்பதால் "ஆன் எம்பிஏ ஸ்டூடன்ட்".

'ஸ்டூடன்ட்ஸ்' என்ற சொல்லில் மேலே போடும் காற்புள்ளி எங்கே வரும் என்பதும் பலர் கேட்கும் கேள்வி. ஒரு மாணவருடையது என்றால் கடைசி 'எஸ்' எழுத்துக்கு முன்னால், பலருடையது என்றால் அதற்குப் பின்னால். மாணவர்கள் என்ற வெறும் பன்மைக்கு அது தேவையே இல்லை.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் உதவ முடியும். விண்ணப்பத்தை அனுப்புமுன் பிள்ளையைச் சத்தமாக வாசித்து, வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். 'சின்ஸ்' என்ற சொல் காதில் விழுந்தால், "எத்தனை வருடமாகவா, எப்போதிலிருந்தா?" என்று கேளுங்கள். பிழை இருந்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.