இரு கைபேசி, ஒரு பல்லாங்குழி

அக்கா திருநெல்வேலியில், தங்கை திருப்பூரில். இருவரும் கைபேசியில் பல்லாங்குழி ஆடுகிறார்கள். அக்கா தன் மூன்றாம் குழியைத் தொடுகிறார். முத்துகள் ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் விழுகின்றன. அதே காட்சி தங்கையின் திரையிலும் ஓடுகிறது. நடுவில் இணையத்தின் வழியே என்ன போனது? 14 குழிகளின் படமா, அவற்றிலுள்ள 70 முத்துகளின் கணக்கா? இரண்டும் இல்லை. ‘3’ என்ற எண் மட்டும்தான்.

பல்லாங்குழியில் பகடை கிடையாது, மறைத்து வைக்கும் சீட்டும் கிடையாது. எந்தக் குழியில் எத்தனை முத்து, எடுத்தது எந்தக் குழி என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் கணக்கு. இதன் ஆப்பிரிக்க உறவான அவாரி ஆட்டத்தில் வரக்கூடிய ஏறக்குறைய 88,900 கோடி நிலைகளையும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2002இல் கணினியில் அலசினார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்று கண்டார்கள்.

அனுப்புவது ஓர் எண்தான் என்றாலும், அது ஒரே ஒரு முறை கணக்கில் ஏற வேண்டும். சிக்னல் தடுமாறும்போது கைபேசி அதே செய்தியை மறுபடி அனுப்பும். இரண்டையும் ஏற்றுக்கொண்டால் ஆட்டம் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு நகர்வுக்கும் வரிசை எண் இடுகிறார்கள். நடுவர் போல ஒரு சர்வர் இருந்து, 17ஆவது நகர்வு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் மறுமுறை வருவதைத் தள்ளிவிடும். இணைப்பு அறுந்து திரும்பும் கைபேசி, ‘17க்குப் பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து ஆடிக்கொள்ளும். குழிகளில் இருப்பதையும் இருவர் வென்றதையும் கூட்டினால் எப்போதும் 70 வர வேண்டும். வராவிட்டால் மென்பொருளில் பிழை இருக்கிறது.

ஆனால் கூட்டல் சரியாக இருந்தும் இரண்டு திரைகள் வேறுபடலாம். ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’. அந்தப் பசு குழிக்கு உரியவருக்கா, நான்காவது முத்தைப் போட்டவருக்கா? குழிக்கு ஐந்து முத்தா, மொத்தம் 146 முத்து வைத்து ஆடும் முறையா? இதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். நேரில் உட்கார்ந்து ஆடும்போது ‘எங்க ஊர்ல இப்படித்தான்’ என்று பேசித் தீர்த்துக்கொள்வோம். கணினியிடம் அது நடக்காது. எனவே ஆட்டம் தொடங்கும் முன்பே எந்த முறை என்று இருவரும் ஒப்புக்கொள்ளவும், அந்த முறையை ஆட்டத்தோடு சேர்த்துப் பதியவும் மென்பொருளில் இடம் வேண்டும்.

தாயத்துக்கு வந்தால் சிக்கல் வேறு. கட்டையை உருட்டுவது யார்? ஆடுபவரின் கைபேசி உருட்டினால் எதிராளி நம்ப மாட்டார். சர்வர்தான் உருட்ட வேண்டும். எப்படி உருட்டுவது என்பதிலும் கவனம் தேவை. இரண்டு கட்டைகளிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். அவை சேர்ந்து 16 விதமாக விழலாம். தாயம், அதாவது 1, விழ இரண்டு வழி. 3 விழ நான்கு வழி. இரண்டும் வெறுமையாக விழுந்து 12 ஆவதற்கு ஒரே வழி. நிரல் எழுதுபவர் இதை யோசிக்காமல் 1 முதல் 6 வரையும் 12உம் ஆகிய ஏழு எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கச் சொன்னால், 12 விழும் வாய்ப்பு 16இல் ஒன்று என்பதிலிருந்து 7இல் ஒன்று என்றாகிவிடும். இரு மடங்குக்கும் மேல்! பார்வைக்குத் தாயம் போலவே இருக்கும். ஆனால் அது நம் தாயம் அல்ல. கட்டைகளைத் தனித்தனியாக உருட்டிக் கூட்டுவதே சரி.

சர்வரும் நிரலும் இன்று எளிதில் கிடைக்கின்றன. எழுதி வைக்கப்படாத விதிகள்தாம் அரிதாகி வருகின்றன. இந்த வாரம் உங்கள் ஆச்சியிடமோ அப்பத்தாவிடமோ ஓர் ஆட்டம் ஆடுங்கள். அவர் சொல்லும் விதியை, சந்தேகங்களையும் கேட்டுத் தீர்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை அதை நிரலாக்கப் போகிறவருக்கு அந்தத் தாள்தான் முதல் தேவை.