பழைய ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

ரெண்டே கதவு, தாழ்வான கூரை, தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சர் சத்தம். ஒரு காலத்தில் சினிமாவில் மட்டுமே பார்த்த ஸ்போர்ட்ஸ் கூபே கார்கள், இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் புது எஸ்யுவி விலைக்கே விற்பனைக்கு வருகின்றன. சென்னை, கோவை, பெங்களூரு விளம்பரங்கள் சேலம் மாவட்டம் கெங்கவல்லியில் இருப்பவரின் செல்போனுக்கும் வந்து சேர்கின்றன.

ஆசை வரத்தான் செய்யும். ஆனால் காரின் விலை பாதியாகக் குறைந்தாலும், அதன் உதிரி பாகங்களின் விலை குறைவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வண்டி நன்றாக ஓடினாலும், காகிதம் சரியில்லை என்றால் போட்ட பணம் மொத்தமும் போய்விடும்.

கூபே என்றால் என்ன?

பொதுவாக இரண்டு கதவுகளும், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையும் கொண்ட காரைத்தான் கூபே என்கிறார்கள். ஃபோர்டு மஸ்டாங், ஆடி டிடி போன்றவை இந்த ரகம். பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே போல, பெயரில் கூபே இருந்தாலும் நான்கு கதவுகள் கொண்ட கார்களும் உண்டு. விளம்பரத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, எண்ணை!

இதற்கு நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் காரே உதாரணம். 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகமான டிசி அவந்தி, இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் ஒரு அவந்தி காரைப் பிடித்து விசாரித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட அந்தக் காரின் இன்ஜின், சேசிஸ் எண்கள் வேறொரு மாநிலத்திலும் பதிவாகி இருந்ததாக போலீஸ் கூறியது. ஒரே கார் மீது ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் வாங்கப்பட்டதாகவும் குற்றம்சாட்டப்பட்டது. காரை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் திலீப் சாப்ரியா அந்த மாத இறுதியில் கைது செய்யப்பட்டார்.

குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவருக்கு இதில் இருக்கும் பாடம் எளிமையானது. நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்தால் போதாது. காரின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் 17 இலக்க சேசிஸ் எண்ணையும், இன்ஜின் எண்ணையும் ஆர்சி புத்தகத்துடன் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் இருக்கும் இடத்தில் வெல்டிங், தேய்ப்பு, புது பெயின்ட் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளரின் வரிசை எண், இன்சூரன்ஸ் காலம், கடன் விவரம் ஆகியவை தெரியும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம்.

கடன் முடிந்துவிட்டது என்றால் நம்பலாமா?

வாய் வார்த்தை போதாது. ஆர்சியில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அவர்களிடமிருந்து தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, ஆர்சியில் இருந்து கடன் பதிவை நீக்கிய பிறகு முழுப் பணத்தைக் கொடுப்பதே பாதுகாப்பு.

வெளிமாநில வண்டி ஏன் மலிவு?

டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதுபோன்ற காரணங்களால் அங்கிருந்து பழைய சொகுசு கார்கள் குறைந்த விலைக்கு வெளிமாநிலங்களுக்கு வருகின்றன.

ஆனால் அந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. பழைய ஆர்டிஓ-விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் கட்டாயம். அதற்கு இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 2023 முதல் ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்து இது குறையும் என்றாலும், சொகுசு காருக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. கெங்கவல்லிக்காரர்கள் ஆத்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும்.

வண்டியில் எதையெல்லாம் பார்க்கணும்?

* இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.
* கிளட்ச் வழுக்குகிறதா, ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது உதறுகிறதா என்று பாருங்கள். வேகமாக ஓட்டப்பட்ட கார்களில் முதலில் அடி வாங்குவது இதுதான்.
* டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் அல்லது வீல் அலைன்மென்ட்டில் பிரச்னை இருக்கலாம்.
* காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பாருங்கள். தாழ்வான கார் என்பதால் உரசல், வளைவு, ஆயில் கசிவு எல்லாம் அங்கேதான் தெரியும்.
* சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை, மேட்டுக்கு அடியில் ஈர வாடை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015 பெருவெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின.
* ஸ்கேனர் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். டேஷ்போர்டில் காட்டாத கோளாறும் அதில் தெரியவரும்.

மாற்றி அமைத்த காரை வாங்கலாமா?

பெரிய வீல், சத்தமான சைலன்சர், கூடுதல் பவர் என்று மாற்றிய கார்களே இந்த ரகத்தில் அதிகம் கண்ணில் படும். கம்பெனி கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆர்சியில் பதிவாகாத மாற்றம் இருந்தால் அபராதம் வரலாம், இன்சூரன்ஸ் கிளைம் சிக்கலாகலாம்.

நம்ம ரோட்டுக்கு ஒத்துவருமா?

சேலம் நெடுஞ்சாலையில் சறுக்கிக்கொண்டு போகும் கார், ஊருக்குள் இருக்கும் வேகத்தடையில் அடி தட்டும். டெஸ்ட் டிரைவை பெரிய ரோட்டோடு முடித்துக்கொள்ளாமல், வேகத்தடை உள்ள தெருவிலும் ஓட்டிப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, வழியில் நின்றால் லாரியில் ஏற்றிப் போக என்ன செலவு என்பதையும் கேட்டு வையுங்கள். மஸ்டாங் விற்ற ஃபோர்டு நிறுவனம் 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இதுபோன்ற கார்களுக்கு உதிரி பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

விற்பவர் படிவம் 29, இருவரும் கையெழுத்திட்ட படிவம் 30 ஆகியவை கட்டாயம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவில்லை என்றால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது கஷ்டம்.

இது விற்பவருக்கும் முக்கியம். பல கை மாறியும் ஆர்சியில் பெயர் மாறாத ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே, "இன்னைக்கே அட்வான்ஸ் போடலைன்னா வேற ஆள் எடுத்துடுவாங்க" என்று அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். சேசிஸ் எண், கடன் பதிவு, வரி, மெக்கானிக் சொல்லும் செலவு ஆகிய நான்கும் தெரியும் வரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இந்த நான்கையும் பார்க்க நேரம் கொடுக்காதவரிடம் அந்தக் காரை வாங்காமல் இருப்பதே லாபம்.