எதில் வருகிறது?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, தினமும் எழுதுதீகளாமே, எதுல வருது?" எதிலும் வருவதில்லை என்றேன். "அப்போ யாரு படிக்கா?" யாரும் படிப்பதில்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், வெற்றிலை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நம் மலரின் ஆசிரியர் கட்டுரை ஒன்று கேட்டதால் இங்கே சொல்லிப் பார்க்கிறேன். யாரும் படிக்காத எழுத்தைப் பற்றி எல்லாரும் படிக்க எழுதுவது வேடிக்கைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமா சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து தாராவியில் மாமா வீட்டில் தங்கினேன். மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. 1915-இல் தொடங்கிய இடம். ரயில் பெட்டிகளைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி கோத்து அனுப்புவோம். எந்தப் பெட்டி, எந்தச் சக்கரம், என்ன தேதி, யார் பார்த்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை. நாளைக்கே ஒரு விபத்து என்றால் விசாரணையில் அந்தக் காகிதம்தான் பேசும். அதனால் ஒரு வார்த்தை கூட்டவும் பயம், குறைக்கவும் பயம். பகலெல்லாம் இப்படிப் பிறருக்காக எழுதிய கைக்கு, இரவில் யாருக்கும் காட்ட வேண்டாத நோட்டு ஒன்று தேவைப்பட்டதோ என்னவோ. இதுவரை நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

இந்தப் பழக்கத்தில் நமக்கெல்லாம் பெரியவர் ஒருவர் உண்டு. 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வியாபாரியாகவும், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த கதையெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுவல்ல. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, சரக்கு என்ன விலை, ஜோசியர் என்ன சொன்னார், கவர்னர் மனைவி என்ன தொந்தரவு கொடுத்தாள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கும். மொழியும் அப்படித்தான். புலவர் நடை கிடையாது. வாயில் வந்த பேச்சு, பிரெஞ்சும் இந்துஸ்தானியும் கலந்தபடி. அந்த அம்மாளைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால், இதை ஊராரிடம் காட்டும் எண்ணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. காட்டியிருந்தால் உத்தியோகம் அன்றே போயிருக்கும்!

1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். பிற்பாடு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிரபஞ்சன் தமது நாவல்களுக்கு அங்கிருந்து எடுத்தார். சரித்திர ஆசிரியர்கள் கொண்டாடுகிறார்கள். பிள்ளைவாளுக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை. கப்பல் கணக்கை எழுதிய அந்த ராத்திரியில் அவருக்குக் கிடைத்த நிம்மதிதான் அவருக்கு மிச்சம் என்று நான் நினைக்கிறேன்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1989-இல் அப்பா தவறிவிட்டதாகத் தந்தி வந்தது. அன்றிரவே தாதரில் வண்டி ஏறினேன். சென்னை வந்து, எழும்பூரிலிருந்து மறுபடி ஓர் இரவு. வீட்டு வாசலை மிதிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி மொட்டைத் தலையோடு வந்து கையைப் பிடித்தான். சில மாதங்களுக்கு முன் அந்த வருட நோட்டைப் புரட்டினேன். புணே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா என்று ஸ்டேஷன் பெயரும், வந்த நேரமும், எத்தனை நிமிடம் லேட் என்பதும் மட்டுமே இருக்கின்றன. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வேறு யாராவது படித்தால் கல்நெஞ்சன் என்பார்கள். அந்த லேட் நிமிடங்கள் ஒவ்வொன்றும் என்ன என்பது எனக்குத் தெரியும்.

2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர் யாரும் மறக்க முடியாது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அந்த எண்ணைப் பத்திரிகைகள் எழுதின. மாதுங்காவிலிருந்து செம்பூருக்கு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவன் நான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதியது, சயானில் இடதுகால் செருப்பு போனதையும், வடாபாவ் கொடுத்த ஆள் காசு வேண்டாம் என்றதையும்தான்.

எங்கள் வீட்டில் நோட்டுகள் பரண் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கின்றன. "ஏங்க, இத யாரு படிக்கப் போறா? பேப்பர்காரனுக்குப் போட்டா இடமாவது மிஞ்சும்" என்பாள் என் மனைவி. நியாயமான கேள்வி. மகனும் மகளும் வீட்டில் தமிழ் நன்றாகவே பேசுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாது. தாராவியில் இருந்தவரை பக்கத்திலேயே மாநகராட்சித் தமிழ்ப்பள்ளி இருந்தது. செம்பூருக்கு வந்தபின், மேல்படிப்புக்கு உதவாது என்று இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தவன் நானே. அந்த முடிவு சரி என்றுதான் அந்த வருட நோட்டிலும் எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது கையெழுத்து கொஞ்சம் அழுத்திக் கிடப்பது போலத் தோன்றுகிறது.

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அலுவலக அதிகாரி 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1825-இல்தான் அது அச்சேறியது. அவர் சுருக்கெழுத்து கற்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை. என் வீட்டில் தமிழே சுருக்கெழுத்துதான்!

போன தீபாவளிக்கு வந்த மகன், "அப்பா, போன்ல போட்டோ எடுத்தா அதுவே இங்கிலீஷ்ல மாத்திக் கொடுத்துரும், எல்லாத்தையும் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். ஆசையாகத்தான் கேட்டான். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவன் படிப்பான் என்று தெரிந்துவிட்டால் அன்று ராத்திரியே என் கை மாறிவிடும். நல்ல அப்பாவாக எழுத ஆரம்பித்துவிடுவேன். "நான் இருக்கும்வரை வேண்டாம்ல. பிறகு உன் பாடு" என்றேன். சிரித்துக்கொண்டே போனை உள்ளே வைத்தான்.

புது நோட்டு வாங்க இப்போதும் மாதுங்கா மார்க்கெட்டுக்குத்தான் போகிறேன். கணக்கு எழுதும் நீள நோட்டு, இருநூறு பக்கம், கெட்டி அட்டை. கடைக்கார கட்சி சேட்டுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். நான் ஏதோ சில்லறை வியாபாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் பில் போடும்போது, தந்தா எப்படி, லாபம் வருகிறதா என்று இந்தியில் விசாரித்தார்.

சல் ரஹா ஹை என்றேன்.