மலை மண்ணில் தழைச்சத்தைக் காப்பது எப்படி?

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில், சோலைக் காட்டின் ஓரத்தில் மண்ணைக் கொத்திப் பார்த்தால் கறுத்த, பொலபொலப்பான மண் கிடைக்கும். பரிசோதனை செய்தால் கரிமச்சத்து அதிகம் என்றே பெரும்பாலும் முடிவு வரும். ஆனால் அத்தகைய நிலத்தில் உரமிடாமல் உருளைக்கிழங்கு பயிரிட்டால், செடி வளர்ச்சி குன்றி அடி இலைகள் மஞ்சளாகின்றன. சத்து நிறைந்த மண்ணில் பயிர் பசித்திருப்பது ஏன் என்பதை மலைப்பகுதி விவசாயிகள் தெரிந்து கொள்வது அவசியம்.

பூட்டி வைத்த சத்து

மண்ணிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மக்கில் கட்டுண்டு கிடக்கிறது. பயிரின் வேர் இதை நேரடியாக எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மக்கைச் சிதைத்து முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேருக்குப் போதிய உணவு கிடைக்கும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இந்த வேலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். நீலகிரி மண் புளிப்புத் தன்மை உடையது. இதனால் நைட்ரேட் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மேலும் மந்தமாகின்றன.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்குள் சுமார் 600 டன் மண் இருக்கிறது. டன்னுக்கு 2 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் மொத்த இருப்பு 1,200 கிலோ. ஆண்டுக்கு 2 சதவீதம் விடுபட்டால் பயிருக்குக் கிடைப்பது 24 கிலோதான்.

சோலையும் புல்வெளியும்

சோலைக்கும் புல்வெளிக்கும் யாரும் உரமிடுவதில்லை. மழையோடு வருவதும், காற்றிலிருந்து நுண்ணுயிர்கள் பிடித்துத் தருவதும் சொற்பமே. உதிர்ந்த இலை மக்கி, அதிலிருந்து விடுபடும் சத்தை மேல் மண்ணில் பின்னிக் கிடக்கும் வேர்கள் உடனே உறிஞ்சிக் கொள்கின்றன. புல்வெளியிலும் மண்ணுக்கடியில் வேர்கள் அடர்ந்து நின்று சத்தைப் பிடித்து வைக்கின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, விதைத்தபின் மடிந்து, தான் சேர்த்த சத்தை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. மண் எக்காலமும் மூடியிருப்பதால் இழப்பு குறைவு.

உழுதபின் நடப்பது

புதிதாகத் திருத்திய நிலத்தில் காற்றும் வெயிலும் பட்டு மக்கு வேகமாகச் சிதைகிறது. முதல் சில போகங்கள் நன்றாக விளைவதற்கு இதுவே காரணம். ஆனால் இது சேமிப்பைக் கரைத்துச் சாப்பிடுவதாகும். பயிர் வேர்விடும் முன்னரே கனமழை பெய்தால் நைட்ரேட் கரைந்து கீழே இறங்கிவிடும். சரிவில் மேல் மண்ணும் அடித்துச் செல்லப்படும். ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் சுமார் 4 டன் மண் போகிறது. அதனுடன் 8 கிலோ தழைச்சத்தும் போகிறது. இது ஏறக்குறைய 17 கிலோ யூரியாவுக்குச் சமம். யூரியாவை விலைக்கு வாங்கலாம். மண்ணை வாங்க முடியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பதைக் கைவிட்டு, சரிவுக்குக் குறுக்கே பார் அமைக்க வேண்டும். படிமட்டங்களின் ஓரங்களில் புல் வளர்த்து, மழைநீர் நிதானமாக வடிய வாய்க்கால் விட வேண்டும்.

பயிர்க் கழிவையும் புல்லையும் எரிக்கக் கூடாது. எரித்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு காற்றில் போய்விடும். கழிவுகளைத் தொழு உரத்துடன் மக்க வைத்து இடுவதே நல்லது. மக்காத கழிவை நடவுக்குச் சற்று முன் புதைத்தால், நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கே தழைச்சத்தை எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போட்டுவிடும்.

மலை உருளைக்கிழங்குக்குப் பரிந்துரை எக்டருக்கு 120 கிலோ தழைச்சத்து. அதாவது ஏக்கருக்கு சுமார் 48 கிலோ. இதில் பாதியை அடியுரமாகவும், மீதியை 30ஆம் நாள் மேலுரமாகவும் இட்டு மண் அணைக்க வேண்டும். முழுவதையும் நடவின்போதே இட்டால் மழைக்குத்தான் உரமிட்டதாகும். கனமழை பெய்யும் நாளில் மேலுரம் இடுவதைத் தள்ளிப் போடலாம்.

புளிப்பு மண்ணுக்கு, பரிசோதனை முடிவின்படி நடவுக்குச் சில வாரங்கள் முன்பே சுண்ணாம்பு இட வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் கலந்து இட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

நிலத்தை வெறுமையாக விடாமல், போகங்களுக்கு இடையே லூபின் விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். அதற்கு வசதி இல்லாதவர்கள் பயிர்ச் சுழற்சியில் பட்டாணி, பீன்ஸ் சேர்க்கலாம். இவற்றின் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். காயைப் பறித்தபின் கொடியையும் வேரையும் நிலத்திலேயே விட வேண்டும்.

மண் கறுப்பாக இருக்கிறதே என்று உரத்தைக் குறைப்பதும், விளைச்சல் குறைகிறதே என்று யூரியாவைக் கொட்டுவதும் ஒருங்கே நஷ்டம் தருபவை. அடுத்த போகத்துக்கு முன் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அதன்படி உரமிடுங்கள். முதல் மழைக்கு முன் சரிவின் குறுக்கே பார் பிடித்துவிடுங்கள். செலவில்லாமல் தழைச்சத்தைக் காக்கும் வழி அதுதான்.