மூளை மாதிரியே இருக்கு... ஆனா மூளையே கிடையாது! கடலுக்கடியில் இருக்கும் 'மூளைப் பவளம்' பற்றி தெரியுமா?

உருண்டையான உடல், மேலே வளைந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள். பார்த்தால் அப்படியே மனித மூளைதான். பாறை மாதிரி தெரியும் இது, உண்மையில் உயிருள்ள விலங்குகளின் கூட்டம்!

மூளை வடிவம் எப்படி வருது?

பவளம் என்பது 'பாலிப்' எனும் குட்டி உயிரிகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. கடல்நீரில் இருந்து கால்சியத்தை எடுத்து, சுண்ணாம்பு எலும்புக்கூட்டை இவை கட்டுகின்றன. மூளைப் பவளம் பலவற்றில், ஒரு பாலிப் இரண்டாகப் பெருகும்போது முழுசா பிரிவதில்லை. ஒரே பள்ளத்தில் வாய்கள் வரிசையாக அமைந்துவிடுகின்றன. நெளிநெளியான கோடுகளுக்கு இதுதான் காரணம். இரவானால் கொடுக்குகளை நீட்டி இரை பிடிக்கும்.

மற்ற பவளங்கள் எப்படி?

மான்கொம்புப் பவளம் கிளை கிளையாக வளரும். மேசைப் பவளம் தட்டையாக விரியும். கிளைப் பவளங்கள் ஆண்டுக்கு 10 செ.மீ வரை வளர்ந்துவிடும். மூளைப் பவளம் போன்ற உருண்டைப் பவளங்களோ 0.3 முதல் 2 செ.மீ வரைதான். அதாவது அரை மீட்டர் உயரம் வர, ஆண்டுக்கு 1 செ.மீ என்று வைத்தாலும் 50 ஆண்டுகள் ஆகும்!

எதுக்கு ஆபத்து அதிகம்?

பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது, அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெள்ளையாகிவிடும்.

பொதுவாக முதலில் சாவது கிளைப் பவளங்கள்தான். புயல் அலையில் ஒடிவதும் அவைதான். ஆனால் ஒடிந்த துண்டே மறுபடி வளரும் என்பதால் சீக்கிரம் மீளும். மூளைப் பவளம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒருமுறை செத்தால், அந்த இடத்தில் அதே அளவில் இன்னொன்று வர ஒரு தலைமுறை போதாது.

தமிழ்நாட்டில் இருக்கா?

இருக்கு. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான மன்னார் வளைகுடாவில் 100-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் உள்ளன. மூளைப் பவள வகைகளும் இதில் அடக்கம். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக இங்கே பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. 21 தீவுகளில் 2 தீவுகள் கடலில் மூழ்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-ல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. இப்போது பவளத்தை வெட்டுவது, விற்பது எல்லாமே குற்றம்.

ஆனால் சூட்டைத் தடுக்க அந்தச் சட்டத்தால் முடியாதே! 2010, 2016 கோடைகளில் இங்கு பவளங்கள் வெளுத்தன. 2024 ஏப்ரலில், 4-வது உலகளாவிய பவள வெளுப்பு நடந்துவருவதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

மீள முடியுமா?

வெளுத்ததெல்லாம் செத்ததாகிவிடாது. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகி, பவளம் பிழைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து வெப்ப அலை வந்தால்தான் சிக்கல். மெதுவாக வளரும் மூளைப் பவளத்துக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: இடைவெளி.